மறைபுலம்: சர்வர் பக்க ஃபிரேம்வொர்க்குகளில் அது இயங்கும் விதமும் அதை நம்பக்கூடிய அளவும்

புதுச்சேரி நேரு வீதியில் பெரிய துணிக்கடை ஒன்றில் புடவை எடுத்தவர்களுக்கு இந்த நடைமுறை தெரிந்திருக்கும். புடவையை விரித்துக் காட்டிய விற்பனையாளர் ஒரு துண்டுச்சீட்டில் சரக்கு எண்ணையும் விலையையும் எழுதி நம் கையில் கொடுப்பார். நாம் அதைக் கல்லாவில் நீட்டிப் பணம் கட்டுவோம். கல்லாக்காரர் முத்திரை குத்திய சீட்டைக் காட்டித் துணி கொடுக்கும் இடத்தில் பையை வாங்கிக்கொள்வோம். அந்த மூன்று இடங்களில் இருப்பவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. தகவல் முழுவதும் வாடிக்கையாளரின் கையிலேயே பயணம் செய்கிறது. வலைப் படிவங்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மதிப்பைச் சுமந்து செல்லும், நாம் ஹிட்டன் ஃபீல்டு என்று சொல்லும் மறைபுலம் இந்தத் துண்டுச்சீட்டின் வேலையைத்தான் செய்கிறது. சீட்டு வாடிக்கையாளரின் கையில் இருக்கும்போது அவர் அதில் பேனா வைத்துத் திருத்த முடியும்; அப்படித் திருத்தினால் கல்லாக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதுதான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒரு கோரிக்கைக்குப் பதில் அனுப்பியதும் சர்வர் அதை மறந்துவிடுகிறது. ஆகவே முதல் பக்கத்தில் பயனர் தேர்ந்தெடுத்ததை மூன்றாம் பக்கத்திலும் அறிந்துகொள்ள, அதை எங்காவது எழுதி வைக்க வேண்டும். மறைபுலம் 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறையிலேயே இருக்கிறது. அதன்பின் உலாவி சேமித்து வைத்துத் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பான குக்கியும், அதைக் கொண்டு ஒரு பயனரை அடையாளம் கண்டு வைத்திருக்கும் நினைவான செஷனும் பரவலாகி, தரவுத்தளங்களும் மலிந்துவிட்ட நிலையிலும், வலைத்தள நிரலுக்கு ஆயத்த அடித்தளமாக அமையும் ஃபிரேம்வொர்க் ஒவ்வொன்றும் இன்றுவரை மறைபுலத்தைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்கான காரணம் ஆறாம் படியில் வரும்.

எடுத்துக்காட்டுக்காக வைசியாள் வீதியில் மூன்று அறைகள் மட்டுமே உள்ள ஒரு தங்கும் விடுதியைக் கற்பனை செய்துகொள்வோம். விருந்தினர் முதலில் தேதிகளைத் தருகிறார், அடுத்து அறையைத் தேர்ந்தெடுக்கிறார், பிறகு பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்துப் பணம் கட்டுகிறார்.

முதல் படி: உலாவி என்ன அனுப்புகிறது என்பதைக் கண்ணால் பார்த்தல்

எந்த ஃபிரேம்வொர்க்கும் இல்லாமல், வெறும் எச்டிஎம்எல் கோப்பு ஒன்றில் படிவம் எழுதுங்கள். பெயருக்கு ஒரு சாதாரணப் புலமும், அறை எண்ணுக்கு ஒரு மறைபுலமும், ஒரு பொத்தானும் போதும். உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தி, அனுப்பப்பட்ட கோரிக்கையின் உடலைப் பாருங்கள். புலத்தின் பெயர், சமக்குறி, மதிப்பு என்ற இணைகள் உம்மைக் குறியால் (&) ஒட்டப்பட்ட ஒரே நீண்ட வரியாக அது இருக்கும். ஊர் என்ற புலத்தில் 'புதுச்சேரி' என்று தட்டியிருந்தால் அந்தச் சொல் 90 குறிகளாக நீண்டிருப்பதைக் காணலாம். யூனிகோடு கணக்கில் அச்சொல்லில் 10 குறிகள் உள்ளன. குறிகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்த்து மூன்று எழுத்துகளாக எழுதப்படுகிறது. மறைபுலத்தில் தமிழ் வாக்கியங்களைச் சுமந்துகொண்டு போகும் படிவங்கள் ஏன் எதிர்பாராத அளவுக்குப் பருத்துவிடுகின்றன என்பது இதிலிருந்தே விளங்கும்.

அந்த வரியில் இல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். எந்த மதிப்பு பயனர் தட்டியது, எது மறைபுலத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு எதுவும் அதில் இருக்காது. சர்வரின் பார்வையில் இரண்டும் ஒன்றே. நம் நிரலில் ஒரு புலத்தின் மதிப்பை எடுக்கும்போது 'இது நான் வைத்த மதிப்புதானே' என்று மனம் சொல்லும். அந்த நம்பிக்கைக்கு நெறிமுறையில் எந்த ஆதாரமும் கிடையாது.

எது அனுப்பப்படாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தரப்படாத புலம், முடக்கப்பட்ட புலம், டிக் செய்யப்படாத செக்பாக்ஸ் ஆகியவை கோரிக்கையில் இடம்பெறவே மாட்டா. படிக்க மட்டும் என்று குறிக்கப்பட்ட புலம் அனுப்பப்படும். கட்டாயப் புலம் என்ற குறிப்பை மறைபுலத்துக்கு இட்டாலும் உலாவி அதைச் சரிபார்க்காது.

இரண்டாம் படி: மதிப்பைப் பாதுகாப்பாக எழுதுதல்

விருந்தினர் தம் பெயரில் இரட்டை மேற்கோள் குறி ஒன்றைச் சேர்த்துத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பக்கத்தின் மறைபுலத்தில் அதை அப்படியே எழுதினால், அந்த மேற்கோள் குறியோடு மதிப்பு முடிந்துவிடும். மீதி எழுத்துகள் குறிச்சொல்லின் பகுதியாகவே மாறும். தீய எண்ணம் உள்ளவர் அந்த இடைவெளியில் ஸ்கிரிப்ட் ஒன்றைச் செருகலாம். ஜாங்கோ, லாராவெல், ரெயில்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்குகளிலும் மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் உள்ள ரேசரிலும் பக்கத்தை வார்க்கும் அச்சுகளான வார்ப்புருக்கள் இத்தகைய குறிகளைத் தாமாகவே மாற்றி எழுதிவிடுகின்றன. வெறும் பிஎச்பியில் எழுதுபவர்கள் மட்டும் ஒவ்வோர் இடத்திலும் தாமே மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத புலம்தானே என்ற அலட்சியத்தால், மறக்கப்படும் இடம் பெரும்பாலும் மறைபுலமாகவே இருக்கிறது.

மூன்றாம் படி: கெட் படிவங்களில் ஒரு சிறு பொறி

தேடல் பக்கங்களில் பலரும் தடுமாறும் இடம் இது. படிவத்தின் முகவரியிலேயே கேள்விக்குறிக்குப் பின் சில மதிப்புகளை எழுதி வைத்துவிட்டு, படிவத்தை, மதிப்புகளை முகவரியிலேயே சேர்த்து அனுப்பும் கெட் முறையில் அனுப்பினால், உலாவி அந்தப் பழைய மதிப்புகளை எறிந்துவிட்டுப் புலங்களின் மதிப்புகளை மட்டும் முகவரியில் சேர்க்கும். ஆகவே தேதிகளைத் தக்கவைத்துக்கொண்டு அறை வகையை மட்டும் மாற்ற வேண்டுமானால், தேதிகள் மறைபுலங்களாகப் படிவத்துக்குள் இருக்க வேண்டும். அவை முகவரியில் அப்பட்டமாகத் தெரியும். தேதிக்கு அதனால் கேடில்லை.

நான்காம் படி: ஃபிரேம்வொர்க் தானாகச் சேர்க்கும் புலங்களைப் புரிந்துகொள்ளுதல்

பக்கத்தின் மூலத்தைப் பார்த்தால், நாம் எழுதாத மறைபுலங்கள் சில அங்கே இருக்கும். அவற்றில் முதன்மையானது சிஎஸ்ஆர்எஃப் டோக்கன், அதாவது வேறு தளம் பயனரின் பெயரில் அனுப்பும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் அடையாள மதிப்பு. விடுதி மேலாளர் தம் கணினியில் நிர்வாகப் பக்கத்தில் உள்நுழைந்திருக்கிறார். வேறொரு தாவலில் ஏதோ ஒரு தளத்தைத் திறக்கிறார். அந்தத் தளத்தில் நம் விடுதியின் முன்பதிவை ரத்து செய்யும் முகவரிக்குத் தானாகவே அனுப்பப்படும் ஒரு படிவம் ஒளிந்திருக்கிறது. வேறு தடை எதுவும் இல்லாவிட்டால் உலாவி வழக்கம்போல் மேலாளரின் குக்கியையும் சேர்த்து அனுப்பிவிடும், சர்வரும் மேலாளரே ரத்து செய்தார் என்று எண்ணிக்கொள்ளும். இதைத் தடுக்க, நம் படிவம் ஒவ்வொன்றிலும் ஊகிக்க முடியாத ஒரு மதிப்பை மறைபுலமாக வைக்கிறோம். வேறு தளத்தின் பக்கம் நம் பக்கத்தைப் படிக்க உலாவி அனுமதிக்காது என்பதால் அந்த மதிப்பு அவர்களுக்குக் கிடைக்காது. ஜாங்கோவில் வார்ப்புருவில் ஒரு குறி, லாராவெலில் ஒரு கட்டளை, பைத்தான் மொழியின் சிறு ஃபிரேம்வொர்க்கான ஃபிளாஸ்க்கில் இதற்கான நீட்சியின் ஒரு அழைப்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லில் இது முடிந்துவிடும்.

ஜாங்கோவில் பக்கத்தை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் டோக்கன் மாறுவதுபோல் தோன்றும். உள்ளிருக்கும் இரகசியம் மாறுவதில்லை. அதன்மேல் ஒவ்வொரு முறையும் வேறு முகமூடி போடப்படுகிறது. சுருக்கி அனுப்பப்படும் பக்கங்களின் அளவை மட்டும் அளந்து இரகசியத்தை ஊகிக்கும் பிரீச் என்ற தாக்குதல் 2013-இல் வெளியானதன் பின்விளைவு அது.

லாராவெலில் 419 என்ற எண்ணோடு பக்கம் காலாவதியானது என்ற செய்தியைப் பார்க்காத நிரலாளர் குறைவு. செஷன் முடிந்திருப்பது ஒரு காரணம். முழுப் பக்கத்தையும் தற்காலிகச் சேமிப்பான கேஷில் வைத்து எல்லோருக்கும் ஒரே டோக்கனைப் பரிமாறுவது மற்றொன்று. இரண்டாவதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போய்விடக்கூடும்.

அடுத்தது முறையைச் சொல்லும் புலம். எச்டிஎம்எல் படிவத்தால் கெட், மதிப்புகளைக் கோரிக்கையின் உடலில் அனுப்பும் போஸ்ட் என்ற இரண்டு முறைகளில் மட்டுமே தரவை அனுப்ப முடியும். ரெயில்ஸும் லாராவெலும் நீக்குதல், திருத்துதல் போன்ற முறைகளைப் பயன்படுத்துவதால், போஸ்ட் முறையிலேயே அனுப்பிவிட்டு உண்மையான முறையின் பெயரை ஒரு மறைபுலத்தில் எழுதிவிடுகின்றன. இதைப் பற்றி இதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

செக்பாக்ஸோடு வரும் மறைபுலம் எனக்கு மிகவும் பிடித்தது. விடுதிப் பதிவில் 'காலை உணவு வேண்டும்' என்ற செக்பாக்ஸின் டிக்கை விருந்தினர் எடுத்துவிட்டால், முன்பே சொன்னபடி உலாவி எதையும் அனுப்பாது. அந்தப் புலம் படிவத்திலேயே இல்லையா, இருந்தும் டிக் எடுக்கப்பட்டதா என்று சர்வருக்குத் தெரியாது. திருத்தும் பக்கத்தில் பழைய மதிப்பு அப்படியே தங்கிவிடும். ஆகவே ரெயில்ஸ் அதே பெயரில் சுழியம் என்ற மதிப்புள்ள மறைபுலம் ஒன்றைச் செக்பாக்ஸுக்கு முன்னால் எழுதுகிறது. ஏஎஸ்பி டாட் நெட் எம்விசியும் இதையே செய்கிறது, ஆனால் மறைபுலத்தைச் செக்பாக்ஸுக்குப் பின்னால் வைக்கிறது. ஒரே பெயரில் இரண்டு மதிப்புகள் வந்தால் ரெயில்ஸ் கடைசியானதை எடுத்துக்கொள்ளும், எம்விசி முதலாவதை எடுத்துக்கொள்ளும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். பிஎச்பியும் ஜாங்கோவும் கடைசி மதிப்பின் கட்சி. ஜாவாவின் சர்வ்லெட்டும் ஃபிளாஸ்க்கும் முதல் மதிப்பின் கட்சி. ஒரு மொழியில் பழகிய தந்திரத்தை மற்றொன்றுக்கு எடுத்துச் செல்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள்.

ஐந்தாம் படி: விலையை வெளியே எடுத்தல்

சில ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற ஒரு விடுதிக்கு நான் எழுதிய முதல் தளத்தில், தேர்ந்தெடுத்த அறையின் வாடகை 3,500 ரூபாயை மறைபுலத்தில் வைத்து அடுத்த பக்கத்துக்கு அனுப்பினேன். தரவுத்தளத்தை இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை என்பது என் சிக்கனக் கணக்கு. ஆங்கிலப் புத்தாண்டுக்கு ஊரில் தங்க இடமே கிடைக்காத அந்த வாரத்தில் ஒரு முன்பதிவு 1 ரூபாய்க்கு வந்து நின்றது. உலாவியின் கருவியைத் திறந்து எண்ணை மாற்றியதைத் தவிர அந்த விருந்தினர் வேறெந்த வித்தையும் செய்யவில்லை. விடுதிக்காரர் என்னைக் கூப்பிட்டு, 'தம்பி, ஒரு ரூபாய்க்கு ரூம் குடுக்கச் சொல்லி உங்க கம்ப்யூட்டர் ரசீது போட்டிருக்கே, இதுக்கு நான் என்ன செய்யணும்?' என்று கேட்ட தொனி இன்னும் நினைவிலிருக்கிறது.

திருத்தம் எளிது. மறைபுலத்தில் அறையின் எண்ணும் தேதிகளும் மட்டும் இருக்க வேண்டும். வாடகையை ஒவ்வொரு முறையும் சர்வரே தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் கணக்கிட வேண்டும். விலை, தள்ளுபடி, பயனரின் பொறுப்பு நிலை, பணம் கட்டியாயிற்றா என்ற குறி ஆகிய நான்கும் எக்காரணம் கொண்டும் மறைபுலத்தின் சொல்லை நம்பி முடிவு செய்யப்படக் கூடாது.

எண்ணை மட்டும் வைத்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. முன்பதிவைத் திருத்தும் படிவத்தில் முன்பதிவு எண் 118 என்று இருந்தால், 117 என்று மாற்றி அனுப்ப யாராலும் முடியும். ஆகவே 117-ஆம் முன்பதிவு உண்டா என்று கேட்பதற்குப் பதிலாக, உள்நுழைந்திருக்கும் இந்தப் பயனருக்கு உரிய முன்பதிவுகளில் 117 உண்டா என்று தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும்.

படிவத்தில் நீங்கள் வைக்காத புலமும் வந்து சேரலாம். வந்த மதிப்புகள் அனைத்தையும் தரவுத்தள வரியைக் குறிக்கும் மாடலில் ஒட்டுமொத்தமாக ஏற்றிவிடும் வசதி பல ஃபிரேம்வொர்க்குகளில் உண்டு. 2012 மார்ச்சில் ஒருவர் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில், தம்மை அடையாளம் காட்டும் பொதுச் சாவியைப் பதிவு செய்யும் படிவத்தில், அங்கே இல்லாத பயனர் எண் புலத்தைத் தாமே சேர்த்து அனுப்பி, ரெயில்ஸ் திட்டத்தின் நிரல் களஞ்சியத்திலேயே எழுதும் உரிமையைப் பெற்றுக் காட்டினார். அடுத்த ஆண்டு வெளிவந்த ரெயில்ஸ் 4, அனுமதிக்கப்பட்ட புலங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டால்தான் ஏற்கும் முறைக்கு மாறியது. லாராவெலில் நிரப்பத்தக்க புலங்களின் பட்டியலும், ஜாங்கோவில் படிவ வகுப்பில் எழுதும் புலப் பட்டியலும் இதே காவலைச் செய்கின்றன. எல்லாப் புலங்களும் என்ற குறுக்குவழியை ஜாங்கோ அனுமதித்தாலும் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

ஆறாம் படி: செஷனா, மறைபுலமா என்று முடிவு செய்தல்

இவ்வளவு ஆபத்து இருந்தால் எல்லாவற்றையும் செஷனிலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். ஒரு விருந்தினர் கடல் பக்க அறையை ஒரு தாவலிலும், முற்றத்து அறையை மற்றொரு தாவலிலும் திறந்து வைத்து வீட்டாரோடு கலந்து பேசுகிறார். தேர்ந்தெடுத்த அறை செஷனில் இருந்தால், இரண்டாவதாகத் திறந்த முற்றத்து அறை முதலாவதை அழித்துவிட்டிருக்கும். அவர் முதல் தாவலுக்குத் திரும்பி, கடல் பக்க அறையின் படத்தைப் பார்த்தபடியே உறுதி செய்யும் பொத்தானை அழுத்த, முற்றத்து அறை பதிவாகிவிடும். செஷன் ஆளை நினைவில் வைத்திருக்கிறது, மறைபுலம் அந்தப் பக்கத்தை நினைவில் வைத்திருக்கிறது. பயனர் எந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவெடுத்தார் என்பது முக்கியமாகும் இடங்களில் மறைபுலத்துக்கு ஈடான எளிய கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

பதிப்பு எண் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வரவேற்பறையில் இருக்கும் ஊழியரும் கடலூரில் வீட்டிலிருக்கும் உரிமையாளரும் ஒரே முன்பதிவை ஒரே நேரத்தில் திருத்தத் திறக்கிறார்கள். இருவரின் படிவத்திலும் பதிப்பு 4 என்ற மறைபுலம் இருக்கிறது. ஊழியர் முதலில் சேமிக்க, பதிப்பு 5 ஆகிறது. உரிமையாளர் சேமிக்கும்போது, 'இந்த எண்ணும் பதிப்பு 4-உம் உள்ள வரியைத் திருத்து' என்ற கட்டளைக்கு ஒரு வரியும் அகப்படாது. உடனே அவருக்குப் புதிய நிலையைக் காட்டி மீண்டும் முடிவெடுக்கச் சொல்லலாம். ரெயில்ஸில் இதற்கென்றே ஒரு நெடுவரிசைப் பெயர் வழக்கம் உண்டு. பதிப்பு எண்ணைச் சேமிக்கும் நேரத்தில் தரவுத்தளத்திலிருந்து புதிதாக எடுத்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீணாகும், அது படிவத்தோடு போய்த் திரும்பி வந்ததாகவே இருக்க வேண்டும்.

இரட்டைப் பதிவைத் தடுப்பதும் இப்படித்தான். படிவத்தைக் காட்டும்போதே ஒருமுறை மட்டும் செல்லும் எண் ஒன்றை மறைபுலத்தில் வைத்து, தரவுத்தளத்தில் அந்த எண்ணுக்குத் தனித்தன்மைக் கட்டுப்பாடு விதித்துவிட்டால், பொறுமையிழந்து பொத்தானை மூன்று முறை அழுத்தியவருக்கும் ஒரே முன்பதிவுதான் விழும்.

ஏழாம் படி: தவிர்க்க முடியாதபோது முத்திரை குத்துதல்

சில வேளைகளில் மதிப்பைத் தரவுத்தளத்தில் வைக்க வழியிருக்காது. பக்கத்தோடேதான் போய் வர வேண்டும். அப்போது கல்லாக்காரரின் முத்திரையைப் போல ஒன்று தேவை. சர்வருக்கு மட்டும் தெரிந்த சாவியோடு மதிப்பைச் சேர்த்து எச்மாக் முறையில் ஒரு சுருக்கத்தைக் கணக்கிட்டு, மதிப்புக்குப் பக்கத்திலேயே அதையும் அனுப்புகிறோம். திரும்பி வரும்போது மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுகிறோம். ஜாங்கோவிலும் ரெயில்ஸிலும் இதற்கான வகுப்புகள் தயாராக உள்ளன. ஃபிளாஸ்க்கைச் சேர்ந்தவர்களின் தனித் தொகுப்பு ஒன்றும் உண்டு. சொந்தமாக எழுதினால், சாதாரணச் சமக்குறி ஒப்பீட்டுக்குப் பதிலாக, எவ்வளவு பொருந்துகிறது என்பதை நேரத்தால் காட்டிக்கொடுக்காத ஒப்பீட்டுச் சார்பையே பயன்படுத்துங்கள்.

முத்திரை குத்திய மதிப்பு இரகசியமாகிவிடுவதில்லை, எவரும் அதைப் படிக்கலாம். பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக எழுதும் பேஸ்64 வடிவத்தில் இருப்பதும் மறைப்பு ஆகாது. நேற்று முத்திரை குத்திய சீட்டை இன்று மறுபடி நீட்டவும் முடியும். ஆகவே எந்தப் பயனருக்கு, எந்தப் பணிக்கு, எத்தனை மணிவரை செல்லும் என்பவற்றையும் சேர்த்தே முத்திரை குத்த வேண்டும்.

இந்த முறையின் மிகப் பெரிய வரலாறு 2002-இல் வந்த ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸின் வியூஸ்டேட் புலம். பக்கத்தின் முழு நிலையும் அதில் அடைக்கப்பட்டுப் போய் வந்தது. பேஸ்64 மூல அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டும் என்பதால் பெரிய அட்டவணை உள்ள பக்கம் நகரவே திணறும். இயல்பாக முத்திரை இருந்தாலும் நிரலாளர் அதை அணைத்துவிட முடிந்தது. 2014-இல் அந்த வசதி எடுக்கப்பட்டது. முத்திரை இருந்தும் சாவி பொதுவாக இருந்தால் பயனில்லை என்பதை 2020-இல் மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்ச் காட்டியது: எல்லா நிறுவல்களிலும் ஒரே சாவி இருந்ததால், உள்நுழைந்த எந்தப் பயனரும் போலி வியூஸ்டேட் தயாரித்துச் சர்வரில் தம் நிரலை ஓட்ட முடிந்தது. சாவியைக் களஞ்சியத்தில் போட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் கொள்ளவும்.

எட்டாம் படி: சோதித்தல்

ஒவ்வொரு மறைபுலத்தையும் உலாவியின் கருவியில் கையால் திருத்தி அனுப்பிப் பாருங்கள்: ஒருமுறை அழித்து, ஒருமுறை காலியாக, ஒருமுறை இரண்டு பிரதிகளாக, ஒருமுறை வேறொருவரின் எண்ணோடு. நான்கிலும் சர்வர் நாகரிகமாக மறுக்க வேண்டும். சர்வர் நிரலே தடுமாறியதைக் காட்டும் 500 பிழை வந்தால் வேலை மீதமிருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட் வழியே மறைபுலத்தின் மதிப்பை மாற்றுபவர்கள் இன்னும் மூன்று விசித்திரங்களைச் சந்திப்பார்கள். நிரலால் மாற்றினால், மதிப்பு மாறியதை அறிவிக்கும் மாற்ற நிகழ்வு எழாது. படிவத்தை ரீசெட் செய்தாலும் மறைபுலம் பழைய மதிப்புக்குத் திரும்பாது. ஃபயர்ஃபாக்ஸில் சாதாரணமாகப் பக்கத்தைப் புதுப்பித்தால், சர்வர் புதிய மதிப்பை அனுப்பியிருந்தும் முன்பு இருந்த மதிப்பே புலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தானியங்கி நிரப்பலை அந்தப் புலத்துக்கு அணைத்துவிட்டால் இது தீரும்.

ஒன்பதாம் படி: பணம் கட்டும் பக்கத்துக்குப் போய்த் திரும்புதல்

நம் நாட்டுப் பணப் பரிமாற்ற நுழைவாயில்களில் சில, தொகையையும் பரிவர்த்தனை எண்ணையும் அவற்றின் முத்திரைச் சுருக்கத்தையும் மறைபுலங்களாகக் கொண்ட படிவத்தை விருந்தினரின் உலாவி வழியாகவே கேட்டு வாங்குகின்றன. அந்தப் படிவம் வேறு தளத்துக்குப் போவதால், பழக்க தோஷத்தில் நம் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை அதில் வைத்துவிடக் கூடாது. வைத்தால் நம் இரகசியத்தை நாமே பிறர் கையில் கொடுத்ததாகும். பணம் கட்டி முடிந்ததும் அவர்கள் நம் முகவரிக்கு அனுப்பும் படிவத்திலும் நம் டோக்கன் இருக்காது என்பதால், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் டோக்கன் சோதனையை விலக்கி, அதற்கு ஈடாக அவர்களின் சுருக்கத்தைச் சரிபார்த்து, தொகையை நம் தரவுத்தளத்தில் உள்ள தொகையோடு ஒப்பிட வேண்டும்.

அந்தத் திரும்பும் கோரிக்கையில் செஷன் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கைகளோடு குக்கி வரலாமா என்று தீர்மானிக்கும் சேம்சைட் அமைப்பு லாக்ஸ் என்று இருந்தால், வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் கோரிக்கையோடு உலாவி அந்தக் குக்கியை அனுப்பாது. ஜாங்கோவின் செஷன் குக்கி இயல்பாகவே அப்படித்தான் அமைகிறது. பணம் கட்டிவிட்டுத் திரும்பிய விருந்தினரைத் தளம் மறுபடி உள்நுழையச் சொல்வது இதனால்தான். திரும்பும் முகவரியில் செஷனைத் தேடாமல், படிவத்தில் வந்த பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு முன்பதிவைக் கண்டுபிடித்துப் பதிவு செய்துவிட்டு, நம் தளத்தின் ரசீதுப் பக்கத்துக்கு ஒரு கெட் கோரிக்கையாகத் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பக்கம் திறக்கும்போது குக்கி மறுபடி வந்திருக்கும்.